சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும்

“காபி இல்லையா? இவ்ளோ பெரிய கடையில காபி இல்லையா?”

வேம்பு மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே மீன்சுருட்டி பஸ் நிறுத்தமே கரைந்துவிடும் போல மழை... அக்டோபர் மழை. அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், கையில் இருந்த மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் தெரிந்த கூரைக்குள் ஓடி வந்திருந்தாள். பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள். தான் நனையலாம்... குழாய்கள் உடையக் கூடாது.

“காபி கிடையாதுங்க. டீதான்.” பாய்லருக்குப் பின்னால் நின்றவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “ஏன் கிடையாதுன்னு அங்க எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க.”

சுவரில் ஒரு கரும்பலகை. நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் காபி: பித்தம், நெஞ்செரிச்சல், தூக்கக் கேடு. வலது பக்கம் டீ: சுறுசுறுப்பு, தெளிவு, இருதயத்துக்கு நல்லது.

வேம்புவுக்குச் சுருக்கென்றது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவள் வீட்டில் பொழுது விடிவதே காபி டிகாக்‌ஷன் சொட்டும் சத்தத்தில்தான். அதுவுமில்லாமல், அவள் ரத்தப் பரிசோதனை படித்தவள்.

“இது யாரு எழுதுனது?”

“நாந்தான். அறிவரசன்.”

“பேருல மட்டும்தானா?”

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“தூக்கத்தக் கெடுக்குற சரக்கு டீயிலயும் இருக்குங்க. ஒரு டம்ளர் காபியில இருக்கறதுல கிட்டத்தட்ட பாதி டீயில இருக்கு. நாங்க ஒரு நாளைக்கி ரெண்டு டம்ளர் காபி குடிப்போம். இங்க வர்றவங்க எத்தன கிளாஸ் டீ குடிப்பாங்க?”

“ஆறு... ஏழு.”

“அப்ப கணக்குப் போடுங்க. அதுவும் காலையிலேர்ந்து ஒரே தூளப் போட்டுக் கொதிக்க வெச்சுக்கிட்டே இருந்தா துவர்ப்புதான் மிஞ்சும். நாக்க வறட்டும். அத எந்தப் பக்கம் எழுதுவீங்க?”

அறிவரசன் வடிகட்டிப் பையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அஞ்சு வருஷக் கடை. இதுவரை யாரும் பலகையோடு சண்டை போட்டதில்லை... மழைத்துளி ஒன்று அவள் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுமா, விழாதா என்று பார்த்துக்கொண்டே பதில் சொல்ல மறந்து போனான்.

“ஒரே தூளு போடறதில்லங்க. வேளைக்கு வேள மாத்துவேன்” என்று அவன் சொன்னபோது அவள் மழையில் பாதித் தெரு தாண்டியிருந்தாள்.

*

அவள் போன இடம் தெருக்கோடியில் இருந்த முந்திரி கம்பெனி. நாற்பது பெண்கள் அங்கே கொட்டை உடைத்தார்கள். மிதிகட்டையைக் காலால் அழுத்தினால் மேலிருந்து கத்தி இறங்கும். கொட்டையை விரலால் பிடித்து வைத்து, கத்தி இறங்கும் முன் விரலை எடுக்க வேண்டும். ஜூன் மாதம் ஒருத்தி தலைசுற்றி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். விரல் தப்பியது தெய்வாதீனம். அதிலிருந்துதான், அரியலூரில் வேம்பு வேலை பார்த்த தனியார் மருத்துவமனையை மாதம் ஒரு முறை வந்து எல்லோருக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

பதினோரு பேருக்கு ஹீமோகுளோபின் அளவு ஒன்பதுக்கும் கீழே. ஜூலையிலேயே எல்லோருக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாயிற்று. தினம் ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும்.

முந்திரி ஓட்டின் காரப் பால் பட்டுக் கறுத்த விரல்கள். ஊசியால் குத்துவதற்கு முன் வேம்பு ஒவ்வொரு விரலையும் பஞ்சால் நாலு தடவை துடைக்க வேண்டியிருந்தது. குழாயில் இருந்த அமிலத்தில் ரத்தம் விழுந்ததும் பழுப்பாகும்... பிறகு பத்து நிமிடம் காத்திருந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும் வரை நீர்க்கச் செய்ய வேண்டும். சத்துள்ள ரத்தம் நிறையத் தண்ணீரைத் தாங்கும். சத்தில்லாதது நாலே சொட்டில் வெளுத்துவிடும்.

அன்றைக்கும் எல்லாம் வெளுத்தன. மூன்று மாதத்து மாத்திரை எங்கே போனது?

“எங்க போகும்? குப்பைக்குத்தான் போயிருக்கும்.” மேனேஜர் நடராசன் காபி டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார். “இவளுவளுக்கு மாத்திர குடுத்தா முழுங்குவாளுவன்னு நெனச்சீங்களா? வாய்க்கால்ல எறிஞ்சிட்டு வந்துடுவாளுவ. இந்த மாசக் கடைசியில இந்தப் பதினோரு பேரையும் நிறுத்திடுறேன். கத்தியில விரலு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“யாரு எறிஞ்சா?”

வாசலில் இருசம்மாள் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. ஏழு புள்ளி ஒன்பது.

“சொல்லுங்க சார், யாரு எறிஞ்சத நீங்க பாத்தீங்க? கொமட்டிக்கிட்டு வரும், வாயெல்லாம் துரு நாத்தம் அடிக்கும், மறுநா வெளிக்கிப் போனா கறுப்பாப் போவும். அத்தனையும் பொறுத்துக்கிட்டு முழுங்குறோம். கண்ணு, ஒன் மேல சத்தியமாச் சொல்றேன், ஒரு நா வுட்டதில்ல!”

வேம்பு கையிலிருந்த குழாயை ஸ்டாண்டில் வைத்தாள். நாற்பது பெண்கள் முன்னால் பொய்க்காரி என்ற பட்டம்... அதுவும் தினம் முழுங்குகிறவளுக்கு.

அந்த நேரம் சாப்பாட்டு மணி அடித்தது. மற்ற மாதங்களில் மருத்துவமனை ஜீப்பில் வந்து பதினொன்றுக்கே திரும்பிவிடுவாள். இன்றைக்கு ஜீப் பழுது. பஸ்ஸும் மழையும் சேர்ந்து நேரத்தைத் தின்றுவிட்டன. அதனால்தான் அந்தக் காட்சியை முதன்முறையாகப் பார்த்தாள்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு டீ கேன் வந்தது. அதைத் தூக்கி வந்தவன்... அதே கண்கள். அதே சிரிப்பு. ஒவ்வொரு கிளாஸிலும் ஆவி பறக்க ஊற்றினான். இருசம்மாள் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். டீயை ஒரே மடக்காகக் குடித்து முழுங்கினாள்.

“டீயிலயா முழுங்குறீங்க?”

“தண்ணியில முழுங்குனா வாந்தி வருது கண்ணு. டீயில அந்த நாத்தமே தெரியாது. எல்லாருமே அப்புடித்தான்.”

வேம்பு எழுந்தேவிட்டாள்.

“ஏங்க! நீங்க குடுக்குற இந்த டீதாங்க இவங்க ரத்தத்தக் குடிக்கிது!”

கேன் அப்படியே நின்றது. அறிவரசனின் முகம் சிவந்தது.

“என்ன மேடம் சொன்னீங்க?”

“டீயில இருக்குற துவர்ப்பு இரும்பப் புடிச்சு வெச்சுக்கும். ஒடம்புல சேர வுடாது. நாள் தவறாம இவங்க முழுங்குனது அத்தனையும் உங்க டீயில போச்சு!”

“எங்கடையில வெஷமா விக்கிறேன்? இத்தன பேரு முன்னாடி சொல்றீங்க. நிரூபிங்க!”

“நிரூபிக்கிறேன்!”

ஒரு மாத்திரையைக் கல்லில் வைத்து நுணுக்கினாள். ஒரு கிளாஸில் அந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்கினாள். கடைக்குப் போய்ப் பால் கலக்காத வெறும் டிகாக்‌ஷன் கொண்டு வரச் சொன்னாள். அவன் விடுவிடுவென்று போய்க் கொண்டுவந்து நீட்டினான். அழகான செம்பழுப்பு. அதை அவள் மெல்ல ஊற்ற...

கறுத்தது.

பார்க்கப் பார்க்க, பள்ளிக்கூடத்து மைப்புட்டி போல நீலக் கறுப்பாக மாறியது. பெண்கள் ஒருவர் தோள் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“ஆத்தாடி... மை!”

“டீத்துவர்ப்பும் இரும்பும் சேந்தா இப்புடித்தான் ஆகும். இது கரையாது. கரையாதத ரத்தம் எப்புடி எடுத்துக்கும்?”

அறிவரசன் அந்தக் கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். அசைத்துப் பார்த்தான். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆளின் முகம்...

“சரி. காபி?”

“காபி பரவால்ல.”

“பரவால்லன்னா? இத மாதிரி ஊத்திப் பாத்தீங்களா?”

அவள் பார்த்ததில்லை. அவன் நேராக நடராசன் அறைக்குப் போய், அவர் “டேய், என் காபித்தூளுடா!” என்று கத்துவதைப் பொருட்படுத்தாமல், பாட்டிலோடு வந்தான். வெந்நீரில் கொஞ்சமாகக் கலக்கி, இன்னொரு மாத்திரைக் கரைசலில் ஊற்றினான். மை அளவுக்கு இல்லை. ஆனால் தெளிவாக இருந்த காபி கலங்கி, பச்சையும் கறுப்புமாய்த் திரண்டது.

இருசம்மாள்தான் கேட்டாள். “கண்ணு... போன மாசம் நீதான சொன்ன, டீய நிறுத்திட்டு வூட்டுல காபி குடிங்கன்னு?”

வேம்புவின் காது வரை சுட்டது. பெட்டியை மூடினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் மேல் கோபம்... நடராசன் மேல் கோபம்... எல்லாவற்றையும் விட, ‘சாப்பிட்டதும் முழுங்குங்க’ என்று சொன்னவள், எதோடு முழுங்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்ட அந்த வேம்பு மேல்தான் பெரிய கோபம்.

*

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி மீன்சுருட்டிக்கு வந்தாள். மருத்துவமனை டாக்டரிடம் கேட்டு எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

“வாங்க மேடம். தண்ணி வேணுமா? டீ குடுக்க எனக்குப் பயமா இருக்கு.”

கடையில் அன்றைக்கு ஆறு பேர். போகட்டும்... திட்டும்போது நாற்பது பேர் இருந்தார்களே.

“நான் அன்னிக்கி அத்தன பேரு முன்னாடி பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க. தப்பு உங்க டீ மேல இல்ல. நேரத்து மேல.”

அவன் டீ ஆற்றுவதை நிறுத்தினான்.

“டீயும் தடுக்கும், காபியும் தடுக்கும். டீ கூடுதலாத் தடுக்கும், காபி கொஞ்சம் கம்மி. அவ்ளோதான். ஆனா சாப்பாடும் மாத்திரையும் முடிஞ்சு ஒரு மணி நேரமாவது கழிச்சுக் குடிச்சா ரெண்டுமே பெருசா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு மணி நேரம்னா இன்னும் நல்லது. மாத்திரைய எலுமிச்சத் தண்ணியில முழுங்குனா நல்லாச் சேரும், நாத்தமும் தெரியாது. இதெல்லாம் நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

அறிவரசன் ஈரத்துணியை எடுத்தான். கரும்பலகையை இரண்டு பக்கமும் துடைத்தான்.

“என்னங்க, டீப் பக்கத்தயுமா?”

“தெரியாம எழுதுனது எந்தப் பக்கம் இருந்தா என்னங்க?” பிறகு அவளைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. “ஆனா ஒண்ணு கேக்குறேன். சோத்தோட சோறா டீய ஏன் கொண்டாரச் சொல்றாங்க தெரியுமா? முன்னாடி மூணு மணிக்குத் தனியா டீ இருந்திச்சி. பதினஞ்சு நிமிசம் வேலை நிக்கிதுன்னு போன வருசம் நடராசன்தான் சாப்பாட்டோட சேத்துட்டாரு.”

வேம்புவுக்குப் புரிந்தது. பதினைந்து நிமிடம். அதை மிச்சம் பிடித்துவிட்டு, பழியை இவர்கள் மேல் போட்டுவிட்டு, கடைசியில் வேலையையும் பறிக்கப் போகிறார்கள்!

இருவரும் போய்க் கேட்டார்கள். நடராசன் கையை உதறினார்.

“ரத்தம் பாக்க வந்தவங்க ரத்தத்தப் பாருங்க. டீ ஊத்துறவன் டீய ஊத்து. என் கம்பெனி மணிய நீங்க அடிக்க வேணாம்.”

“அப்ப நாளையிலேர்ந்து சாப்பாட்டுக்கு டீ வராது சார்” என்றான் அறிவரசன். “மூணு மணிக்கு வரும்.”

“வேற கடையே இல்லையா ஊருல?”

“இருக்கு. கூப்புட்டுக்கங்க.”

அஞ்சு வருஷமாக அவன் வியாபாரத்தில் பாதி அந்தக் கம்பெனி. அது வேம்புவுக்கும் தெரியும். வெளியே வந்ததும் கேட்டாள். “ஏங்க இப்புடிச் சொன்னீங்க?”

“பின்ன? எங்கையால ஊத்துனது. மூணு மாசமா ஊத்தியிருக்கேன்... இன்னும் ஒரு நா ஊத்தச் சொல்றீங்களா?”

அவன் கோபமாக இருக்கும்போது குரல் உயரவில்லை, இறங்கியது. அது வேம்புவுக்குப் பிடித்தது. ‘ஐயோ, இது என்ன நேரத்தில் என்ன நினைப்பு’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மறுநாள் வேறு கடைக்காரர் டீ கொண்டு வந்தார். இருசம்மாள் தன் கிளாஸைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உண்ணாமலையும் கவிழ்த்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக... நாற்பது கிளாஸும் கவிழ்ந்தன. மூன்று மணிக்கு அறிவரசன் கேனோடு கேட்டில் நின்றான். நாற்பது மிதிகட்டையும் நின்றன. யாரும் கத்தவில்லை. எழுந்து வந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு, பதினைந்தாவது நிமிடத்தில் திரும்பப் போய் உட்கார்ந்தார்கள்.

நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் நடராசன் இறங்கி வந்தார்.

“ஆறு வாரம் தர்றேன். அதுக்குள்ள ஒம்போது வரலன்னா, யாரும் என்னைக் கேக்கப்படாது.”

*

அந்த ஆறு வாரமும் வேம்பு வியாழன்தோறும் வந்தாள். வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டியதில்லைதான். ஆனால் மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரில்தான் முழுங்குகிறார்களா என்று பார்க்க வேண்டாமா? மருத்துவமனையில் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

பஸ் வரும் வரை கடை பெஞ்சில் உட்காருவாள்.

“ஒரு டீ குடுங்க.”

“எத்தன மணிக்குச் சாப்ட்டீங்க?”

“ஒண்ணேகால்.”

“அப்ப ரெண்டேகாலுக்குத்தான்.”

“எனக்கு ரத்தம் பன்னெண்டரை இருக்குங்க!”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க எழுதிக் குடுத்தது.”

சண்டை போடுவாள். அவன் கொடுக்க மாட்டான். அவன் கேள்வி கேட்பான். காபித்தூளில் கலக்கும் சிக்கரியில் அந்தத் தூக்கம் கெடுக்கும் சரக்கு உண்டா? (இல்லை.) ரத்தம் ஏன் அமிலத்தில் பழுப்பாகிறது? பழுப்புக் கண்ணாடியைச் செய்தவனுக்கு எந்த நிறம் என்று எப்படித் தெரிந்தது? கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்... அவள் ஏற வேண்டிய ஜெயங்கொண்டம் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வரும், போகும். இருவருக்கும் தெரியாத மாதிரி இருக்கும்.

*

நவம்பர் கடைசி வியாழன். பதினோரு குழாய்கள். பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேம்பு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். இருசம்மாளின் குழாய் வெளுக்கவில்லை. இன்னொரு சொட்டு... இன்னும் வெளுக்கவில்லை. ஒன்பது புள்ளி எட்டு.

“பாத்தீங்களா சார்! நான் வாய்க்கால்ல எறிஞ்சது எங்க வந்திருக்கு பாத்தீங்களா!” இருசம்மாள் குரல் கூரையில் மோதியது.

பத்துப் பேர் தாண்டிவிட்டார்கள். உண்ணாமலை மட்டும் எட்டு புள்ளி ஆறு. நடராசன் பேரைக் குறிக்கப் போனார்.

“ஏறிக்கிட்டுதான் சார் இருக்கு. ஏழு புள்ளி நாலுலேர்ந்து வந்திருக்காங்க” என்றாள் வேம்பு.

“அவளத் தோலுரிக்கிற பக்கம் ஒக்கார வைங்க. அங்க கத்தி ஏது?” என்றாள் இருசம்மாள். “இல்லன்னா நாளைக்கி நாங்களும் வல்ல.”

நடராசன் நாற்பது முகங்களையும் பார்த்தார். பேனாவை மூடினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. “சரி, சரி... வேலையப் பாருங்க” என்றார். பிறகு வேம்புவிடம் திரும்பி, “இனிமே நீங்க வர வேண்டாம்மா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாத்தாப் போதும். ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி அனுப்பிட்டேன்” என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அந்தக் கணமே பாதியானது. ஏன் என்று வேம்பு யோசிக்கவில்லை. யோசித்தால் தெரிந்துவிடும்.

கடைக்கு வந்து சொன்னாள். பதினோரு பேருக்கும் வேலை தப்பியதற்கு அறிவரசன் பெஞ்சில் தட்டிச் சிரித்தான். அவள் இனி வர மாட்டாள் என்றதும் சிரிப்பு நின்றது.

“இது என்னங்க நியாயம்? ரத்தம் ஏறலன்னா இவங்களுக்கு வேல போவும். ஏறிட்டா நீங்க போயிடுவீங்களா?”

“வேலைன்னா அப்புடித்தாங்க.”

“அப்ப எனக்குப் பாருங்க.” முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு விரலை நீட்டினான். “எனக்கும் தல சுத்துது.”

அவள் பெட்டியைத் திறந்தாள். கறையே இல்லாத அந்த விரலை நாலு தடவை துடைத்தாள். இந்த வேலையில் எத்தனை விரல் குத்தியிருப்பாள்... ரத்தம் குழாயில் விழுந்து பழுப்பானது.

“பத்து நிமிஷம் ஆவணும்.”

பத்து நிமிடமும் இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேசாகத் தூறியது. பாய்லர் மட்டும் உஸ்ஸென்றது. அவள் தண்ணீர் விட ஆரம்பித்தாள். சொட்டு... சொட்டு... விட்டுக்கொண்டே போனாள்.

“பதினாலரை. உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல.”

“சரியாப் பாருங்க. இருக்கு.”

“கண்ணாடி பொய் சொல்லாதுங்க.”

“வர்ற வியாழக்கெழம இந்த பெஞ்சு காலியா இருக்கும். அது அந்தக் கண்ணாடியில தெரியுமா?” அவன் குரல் இறங்கியிருந்தது. “எனக்கு உங்களப் புடிச்சிருக்கு வேம்பு. பெரம்பலூரு வந்து உங்க அப்பாகிட்டக் கேக்கலாமான்னு... உங்ககிட்டக் கேக்குறேன்.”

வேம்பு குழாயை ஸ்டாண்டில் வைத்தாள். எழுந்தாள். கண்கள் நிறைந்திருந்தன... ஆனால் குரலில் வந்தது கோபம்.

“ஏங்க, இதச் சொல்றதுக்கு எங்கிட்ட ஊசிக்குத்து வாங்கணுமா? வாரா வாரம் மூணு பஸ்ஸ வுட்டுட்டு ஒக்காந்திருந்தேனே... ஒரு கிளாஸ் டீக்காகன்னா நெனச்சீங்க?”